சிவப்புச் சீலை கட்டிய அம்மா

ஐந்து வயதுக்கு முந்திய நினைவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. நாலாவது ஒன்று எங்காவது ஒளித்திருக்குமோ என்று பல தடவை தேடிவிட்டேன், இல்லை. முதலாவது, கால்கள். சீலைக் கால்கள், சாரக் கால்கள், சப்பாத்துக் கால்கள், அவற்றுக்கு நடுவில் நான். இரண்டாவது, ஒரு கழுதையின் மூக்கு. அது ஈரமாக இருந்தது. மூன்றாவது, என் அம்மா சிவப்புச் சீலை கட்டிக்கொண்டு தலைமன்னார் இறங்குதுறையில் தூரப் போகிறாள். பாதி வழியில் திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள்.

மூன்றிலும் துலக்கமானது அந்த மூன்றாவதுதான். காற்று முந்தானையை எந்தப் பக்கம் தள்ளியது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அது நடக்கவே இல்லை.

என் மகள் தன் பிள்ளையை விடியலில் இருந்து பொழுதுபடும் வரை கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறாள். “பிள்ளைக்குப் பிறகு ஒண்டும் ஞாபகம் இருக்காதாம் அப்பா, அதுதான்” என்கிறாள். யாருக்கும் இருப்பதில்லைதான். எனக்குப் பிரஷருக்கு மருந்து தருகிற டொக்டரிடம் கேட்டேன். அந்த வயதில் மூளை பழுக்கவில்லை, பாஷையும் முற்றவில்லை, அதனால் ஒன்றும் ஒட்டாது என்றார். இருக்கலாம். ஆனால் ஒட்டாத இடத்தில் வேறு எதையும் ஒட்டிவிடலாம் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கவலை. மகள் எடுக்கும் படங்களில் எது பிள்ளையின் ஞாபகமாகப் போகிறதோ என்று இருந்திருந்துவிட்டு யோசனை வருகிறது.

இனிச் சொல்லப்போவதில் நானே கண்டது என்று சத்தியம் பண்ணக்கூடியது மிகச் சொற்பம். மிச்சமெல்லாம் என் அம்மாவும், பெரியம்மாவும், அக்காவும் சொன்னவை. பெரியம்மாவும் அக்காவும் எனக்கு இரத்த உறவில்லை. அவர்கள் எப்படி உறவானார்கள் என்பதுதான் கதை. மூவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் பெரியம்மாவை நம்பியிருக்கிறேன். அவர்தான் மூவரிலும் குறைவாகப் பேசியவர்.

கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் அது. என் அப்பா அங்கே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இந்தியாவிலிருந்து பிழைக்க வந்தவர். குண்டு விழுந்ததும் கொழும்பிலிருந்த இந்தியச் சனமெல்லாம் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பப் புறப்பட்டது. வழி ஒன்றுதான். கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி. கோச்சியில் இடம் கிடைக்காதவர்கள் தண்டவாளத்தைப் பிடித்து நடந்தே வந்தார்கள். எங்களுக்குக் கோச்சியில் இடம் கிடைத்தது. அப்போது எனக்கு மூன்று வயது முடிந்து கொஞ்ச நாள்.

இறங்குதுறையை எங்கள் பக்கத்தில் பியர் என்றுதான் சொல்வது. பியரில் கப்பலேறுகிறவர்களை உடம்பு சோதித்து அனுப்பினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பிள்ளைகள் எந்த வரிசை என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் தலையில் ஒரு பெட்டி, கையில் ஒரு மூட்டை. “புள்ளைய நீ பிடி” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவள் பெண்களின் வரிசைக்குப் போனாள். அந்தச் சத்தத்தில் அப்பாவுக்கு அது கேட்கவில்லை. ஆண்களின் வரிசை அவரைத் தள்ளிக்கொண்டு போனது. சோளகக் காற்று தொடங்கியிருந்தது. வானத்தில் ஏதோ இரைகிறது என்று ஒருவன் கத்த, சனம் முழுக்க ஓடியது. கப்பலிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிள்ளை மற்றவரிடம் இருக்கிறது என்று இருவரும் நம்பிக்கொண்டு கடலைத் தாண்டினார்கள். தனுஷ்கோடியில் இறங்கி ஒருவரையொருவர் வெறுங்கையோடு பார்த்த நேரத்தைப் பற்றி அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். பிறகு நான் கேட்கவில்லை.

என்னைக் கண்டெடுத்தது அக்கா. பியருக்கு வெளியே சொந்தக்காரரில்லாமல் திரியும் கட்டாக்காலிக் கழுதைகள் நிற்கும் இடத்தில், ஒரு கழுதையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேனாம். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. மீன்பிடிக்கிற வீட்டின் ஒரே பெண். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஞாயிறு பூசைக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பியரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து, “ஆற்ற பிள்ளை? ஆற்ற பிள்ளை?” என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

“என்ன பிள்ளை, மீன் விற்க அனுப்பினால் மனிசரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்” என்றாராம் அவளுடைய அப்பா, அதாவது பெரியப்பா. அவளுடைய அம்மாவான பெரியம்மா என் காலைக் கழுவினார்.

வந்தபோது என்னிடம் கொஞ்சம் சொற்கள் இருந்தன. அப்பாவை நான் நைனா என்பேன். அம்மாவை ஆயி என்பேன். கப்பல் என்பேன். அதனால் எனக்குக் கப்பல் என்றே பெயர் வைத்தார்கள். முதல் கிழமை முழுக்க ஆயி, ஆயி என்று வாசலில் நின்று கத்தினேனாம். பிறகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும். பிறகு நித்திரை வரும்போது மட்டும். ஒரு நாள் பெரியப்பா வலையோடு கரையேற, நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு “அப்பா” என்றேன். அந்த வீட்டில் அக்கா அவரைக் கூப்பிடும் சொல் அது. பெரியப்பாவுக்குச் சந்தோஷம். பெரியம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அக்காவுக்குத்தான் பயம் பிடித்தது.

“அம்மா, இவன் மறக்கிறான்” என்றாள்.

“மறந்தால் அழமாட்டான். விடு.”

“அவையள் வந்தால்?”

பெரியம்மா குனிந்து அடுப்பை ஊதினார்.

வந்தது வேறொருத்தி. தலையில் பூவும், கையில் கற்கண்டுப் பொட்டலமுமாக ஒரு பெண் வந்து, பியரில் பிள்ளையைத் தொலைத்தவள் தான்தான் என்றாள். பிள்ளைக்கு முதுகில் மச்சம் இருக்கிறது என்றாள், இருந்தது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுவானே என்று பெரியம்மா கேட்டால் ஓம் என்றாள். சாப்பிடவே மாட்டானே என்று கேட்டாலும் ஓம் என்றாள். கற்கண்டைக் காட்டியதும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். ஸ்டேஷனில் அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்றையொன்று அறியாத பிள்ளைகள். பட்டணத்து வீடுகளுக்கு வேலைக்கு விடப் பிள்ளை சேர்க்கிறவள் அவள். அங்கே கண்ட ஒருவர் வந்து சொல்ல, கோச்சி வெளிக்கிட முன்னர் பெரியப்பா ஓடிப்போய் என்னைப் பறித்து வந்தார்.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வந்து முற்றத்துக் கதிரையில் இருந்து தீர்ப்புச் சொன்னார். “இனிமேல் மச்சக் கதை எனக்குச் சொல்லக்கூடாது. வந்த நாள் தொட்டு அம்மணமாய் ஓடித்திரியிற பிள்ளைக்கு எங்கை மச்சம் இருக்கெண்டு இந்த மன்னார்த் தீவு முழுக்கத் தெரியும். ஆர் வந்தாலும், பிள்ளை தன்ர வாயாலை ‘இவதான் அம்மா’ எண்டு சொல்லவேணும். சொன்னால் குடு. சொல்லாட்டில் குடாதை.”

நல்ல மனிதர். நியாயமான தீர்ப்பு. அதைக் கேட்ட அன்றே அக்கா என் ஞாபகத்தைக் காப்பாற்றுகிற வேலையைத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சர்வேசுரன் யார், அவர் எத்தனை ஆளாய் இருக்கிறார் என்று கேள்வி கேட்டு, விடையையும் தானே சொல்லிக் கொடுத்து, பிள்ளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிக்கும்வரை விடாமல் படிப்பிக்கிற ஞானோபதேச வழி.

“உன்ர அம்மா ஆர்?”

நான் மணலைக் கிண்டினேன்.

“கொழும்பிலை இருந்து வந்த அம்மா. சொல்லு.”

“கொழும்பு அம்மா.”

“அவ என்ன சீலை கட்டியிருந்தவ? சிவப்போ, பச்சையோ?”

மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டைச் சொன்னால் ஒன்றைச் சொல்லும். நான் சிவப்பு என்றேன். பாவம், அக்கா சந்தோஷப்பட்டுப் போனாள். மறுநாள் கேட்டபோது அவள் பச்சையைச் சொல்லும் முன்னமே சிவப்பு என்றேன். அதற்கடுத்த கிழமை, “எங்கை போனவ?” என்றதற்கு “பியராலை போனவ” என்றேன். ஒரு நாள் கேட்காமலே, “திரும்பிப் பார்த்தவ. கை காட்டினவ” என்றும் சொன்னேனாம். அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தியா அம்மா, எல்லாம் ஞாபகம் வருது” என்றாள்.

வரவில்லை. முளைத்தது.

ஐந்தாறு மாதம் கழித்து, சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கிய பிறகுதான் என் அம்மா வந்தாள். வேலையாட்களை இலங்கைக்கு விடாத காலம். அப்பாவுக்கு அனுமதி கிடைக்கவேயில்லை. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு செட்டியார் குடும்பம் திரும்பிப் போவதாகக் கேள்விப்பட்டு, அவர்கள் வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்குகிற ஆயாவாகச் சேர்ந்துகொண்டாள். கடலைத் தாண்டுகிற கடதாசி அவர்கள் பெயரில்தான் இருந்தது. பியரில் இறங்கியதும் செட்டியாரம்மா சொல்லிவிட்டார், பின்னேரக் கோச்சிக்கு முன்னர் போய்த் தேடிப் பார், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குழந்தையோடு ஸ்டேஷனுக்கு வந்துவிடவேண்டும் என்று. குழந்தை அம்மாவை விட்டு இறங்க மாட்டேன் என்றது. ஆகவே சொந்தப் பிள்ளையைத் தேடி வந்த என் அம்மா, அடுத்தவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு, வெயில் சாயும் நேரத்தில் பெரியம்மா வீட்டு முற்றத்துக்கு வந்தாள். கப்பல் என்று ஒரு பிள்ளை இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நான் மணலில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தேனாம்.

“தொரை!” என்றாள் அம்மா.

நான் நிமிரவில்லை. அந்தப் பெயரால் என்னை யாரும் அழைத்துக் கனகாலம்.

“தொரை, ஆயிடா. எஞ்சாமி, ஆயியப் பாரு.”

வேலியடியில் சனம் கூடிவிட்டது. “துரையாம் துரை. வெள்ளைக்காரத் துரையோ?” என்று ஒருவர் சிரித்தார். இன்னொரு பெண், “இடுப்பிலை ஒண்டு இருக்கு. அது போதாதெண்டு மற்றதுக்கும் வந்திருக்கிறா. முந்தி வந்தவளின்ர கூட்டாளியாக்கும்” என்றாள். விதானையாருக்கு ஆள் போனது. அவர் வந்து அதே கதிரையில் இருந்தார். அம்மா கிட்ட வரப் பார்க்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

“அங்கையே நில்லுங்கோ பிள்ளை. தொடப்படாது, ஒண்டும் குடுக்கப்படாது. பிள்ளை சொல்லட்டும்.”

அக்கா என்னைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைக் குரலில் கேட்டாள்.

“உன்ர அம்மா ஆர்?”

“கொழும்பிலை இருந்து வந்த அம்மா.”

“என்ன சீலை?”

“சிவப்புச் சீலை.”

“எங்கை போனவ?”

“பியராலை போனவ. திரும்பிப் பார்த்தவ. கை காட்டினவ.”

“இவவோ?”

நான் அம்மாவைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேனாம், மேலிருந்து கீழே.

“இல்லை. இவ நீலம்” என்றுவிட்டு, பெரியம்மாவின் பின்னால் போய் ஒளித்துக்கொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டேஷனில் கோச்சி ஒரு தரம் ஊதியது. செட்டியார் வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது. அம்மாவின் கை தன்பாட்டில் அதைத் தட்டிக்கொண்டே இருந்தது.

விதானையார் கொஞ்சம் இரங்கினார். “பிள்ளை சிவப்பெண்டுது. அண்டைக்குச் சிவப்புத்தான் கட்டியிருந்தனீங்களோ? யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அது அவர் திறந்துவிட்ட கதவு. ஓம் என்று சொன்னால் போதும். அந்தச் சீலை கிழிந்துவிட்டது, விற்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அம்மாவுக்கும் அது தெரிந்துதான் இருக்கவேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். பெரியம்மாவின் சீலைக்குப் பின்னால் தெரிந்த என் கால்களைப் பார்த்தாள்.

“இல்லீங்க ஐயா” என்றாள். “எங்கிட்ட செவப்புச் சேலையே கெடையாதுங்க. செவப்பு எனக்கு எடுக்காது. ஒரு நாளும் கட்டினதில்லீங்க.”

“அப்ப நான் என்ன செய்ய?” என்றார் விதானையார். “பிள்ளை இல்லையெண்டுது. நீங்களும் இல்லையெண்டுறீங்கள்.”

என்னை வைத்துக்கொள்ளப் பெரியம்மாவுக்கு ஆசை இருந்தது. பிற்காலத்தில் அதை அவர் மறைக்கவில்லை. முதல் வந்தவள் எதைக் கேட்டாலும் ஓம் என்றவள். இவள் ஓம் என்றால் பிள்ளை கிடைக்கும் என்ற இடத்தில் இல்லை என்கிறாள். அந்த ஒரு ‘இல்லை’யில் பெரியம்மாவுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

“வெயிலுக்குள்ளை அலைஞ்சு வந்திருக்கிறா. உள்ளுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்” என்றார். செட்டியார் வீட்டுக் குழந்தையை வாங்கி அக்காவின் கையில் திணித்தார். அம்மாவை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பெட்டகத்தைத் திறந்து, தன் கலியாணக் கூறைச் சீலையை எடுத்தார். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரருக்கும் கூறை சிவப்புத்தான்.

அம்மாவுக்கு விளங்கியதும் பின்வாங்கினாள். “வேணாங்க. பொய் சொல்லி எம்புள்ளைய வாங்கவா?”

“பொய்யை என்ர மகள் ஏற்கெனவே சொல்லிக் குடுத்திட்டாள்” என்றார் பெரியம்மா. “இனி அதை உண்மையாக்கிறதைத் தவிர வேறை வழி இல்லை. கையைத் தூக்கு.”

கதவு திறந்து அம்மா வெளியே வந்தாள். வாடைக்காற்று முந்தானையைத் தூக்கி இடப்பக்கம் அடித்தது. என் மூன்றாவது நினைவில் இருக்கிற காற்று இந்த முற்றத்துக் காற்றாகத்தான் இருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

“அம்மா, அது உங்கட கூ...” என்று அக்கா தொடங்கினாள். பெரியம்மா அவள் காலை மிதித்தார்.

நான் சிவப்பைப் பார்த்தேன். அடுக்கிய சிப்பிகளை மிதித்துக்கொண்டு நடந்தேன். கிட்டப் போய்த் தலைப்பைப் பிடித்தேன்.

“இவதான்” என்றேன். “வந்திட்டா.”

சனம் விதானையாரைப் பார்த்தது. பெரியம்மாவின் கலியாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டவர் அவர்; அந்தக் கூறையை அவருக்குத் தெரியாமல் இராது. அதைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். “பிள்ளை தன்ர வாயாலை சொல்லிப்போட்டான். பிறகென்ன பார்க்கிறியள்? எல்லாரும் வீட்டை போங்கோ.”

கோச்சி இரண்டாம் தரம் ஊதியது. பெரியப்பா செட்டியார் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார், ஆயா வரமாட்டா என்று சொல்ல. போகும் வழியெல்லாம் அது அவர் காதைப் பிடித்து இழுத்ததாம்.

கடதாசி இல்லாத அம்மா அந்த வீட்டிலேயே தங்கினாள். சண்டை முடிந்த பிறகு அப்பாவும் வந்து சேர்ந்தார். பியரிலேயே மூட்டை சுமக்கும் வேலை கிடைத்தது. நான் பெரியம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக வளர்ந்து, படித்து, மன்னார்க் கந்தோர் ஒன்றில் கிளார்க்காகி, பென்ஷனும் எடுத்துவிட்டேன். சிவப்புச் சீலையை நாற்பது வயது வரை நம்பினேன். யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகை ஒன்றுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அதை உருக்கமாக எடுத்துச் சொல்ல, அக்கா எழும்பி வெளியே போய்விட்டாள். அன்றைக்குத்தான் மற்றவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். அம்மா மட்டும், “அது கெடக்கட்டும், அவன் நல்லாத்தான சொல்றான்” என்றாள்.

ஆனால் அம்மாவுக்கு இன்னொரு கதை இருந்தது. கடைசி வரைக்கும் அவள் விரும்பிச் சொன்னது அதைத்தான்.

அன்று பொழுது இருள முன்னர், யுத்த காலத்துச் சட்டப்படி விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டிவிட்டு, பெரியம்மா எங்கள் இருவரையும் பாயில் இருத்தினார். அம்மா இன்னும் கூறையோடுதான் இருந்தாள். கழற்றினால் நான் போய்விடுவேனோ என்று பயம். அவள் என் காலை மடியில் எடுத்து வைத்தாள். கொழும்பில், அப்பா வேலையால் வரும்வரை, அவள் என் கால்விரல்களைக் கப்பல்களாக எண்ணுவாளாம். சுண்டுவிரல் மீன் கப்பல், அடுத்தது அரிசிக் கப்பல், அடுத்தது கரிக் கப்பல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து, பெருவிரலைப் பிடித்ததும் வெள்ளைக்காரன் கப்பல் என்று சொல்லி உள்ளங்காலில் வாயை வைத்துப் பூம் என்று ஊதுவாளாம். நான் பிறந்த நாள் தொட்டு எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விளையாட்டு.

அன்றைக்கும் எண்ணினாள். மீன் கப்பல். அரிசிக் கப்பல். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். பெருவிரலுக்கு வந்து உள்ளங்காலில் ஊதினாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேனாம்.

“அப்பத்தான் எனக்கு உசிரு வந்திச்சு” என்பாள் அம்மா. “சேலையாவது மண்ணாவது. அது ஊருக்கு. எம்புள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருந்திச்சு. அந்தச் சிரிப்புல தெரிஞ்சிச்சு.”

ஒவ்வொரு தடவையும் ஓம் அம்மா என்று தலையாட்டியிருக்கிறேன். எந்தப் பிள்ளையின் உள்ளங்காலில் யார் ஊதினாலும் அது சிரிக்கும். அவளுக்கு என்னை மூன்று வருஷமாகத் தெரியும். எனக்கு அவளை அன்று பின்னேரம் முதல்தான் தெரியும். பாயில் கிடந்த பிள்ளைக்கு அது விளங்கவில்லை. தான் சிரிக்கச் சிரிக்க இந்தப் புது அம்மா ஏன் அழுகிறா என்றும் விளங்கவில்லை. கூசியது, நன்றாக இருந்தது. “இன்னொருக்கா” என்று மற்றக் காலை நீட்டியது.